நாற்பத்தேழாம் பாகம்

நாற்பத்தாறாம் பாகத்தின் கடைசி நிமிடத்தில்
எல்.ஐ.சி. மொட்டைமாடியிலிருந்து
குதித்தான் செம்பொறியான்.
‘தொடரும்’ என்று போட்டார்கள்.
தொடரவில்லை.
சோப்புக் கம்பெனி விளம்பரத்தை நிறுத்திக்கொண்டதாம்.
அடுத்த வெள்ளி எட்டரைக்கு
அவன் நேரத்தில்
யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினேழு வருடமாக அந்தரத்தில் இருக்கிறான்.

அவனை இறக்கிவைக்கும் வேலை
இப்போது என்னிடம்.
பக்கத்துக்குத் தொள்ளாயிரம் ரூபாய்,
முப்பத்திரண்டு பக்கம்,
மை என் செலவு.

சூளைமேட்டு மாடியறையில்
பதிப்பாளர் ஞானதீபன் விதிகளைச் சொன்னார்:
முகமூடி கழலவே கூடாது,
உடைக்கும் பெயருக்கும்தான் உரிமை வாங்கியிருக்கிறோம்,
நடிகரின் முகம் நமக்குக் கட்டுப்படியாகாது.
வில்லியாக வந்த அம்மா இன்று வட்டச் செயலாளர்,
அவளுக்கு வேறு மூக்கு போடு.
மற்றபடி நீ ராணி.

ராணிதான்.
டிவியில் மாதம் ஒருமுறைதான் பறப்பான்.
கிரேன் வாடகை அப்படி.
ஒரே பறத்தலை இடவலம் மாற்றி
நாலு பாகத்துக்கு ஓட்டுவார்கள்.
மீதி நாளெல்லாம்
இப்போதுதான் பறந்து வந்தவன்போல மூச்சு வாங்கியபடி
கதவைத் திறந்துகொண்டு வருவான்.
இங்கே
நடப்பதற்கும் பறப்பதற்கும் ஒரே மை.
பக்கிங்காம் கால்வாயைச் சுருட்டி
அவன் தோளில் போடலாம்.
எண்ணூரிலிருந்து ஒரு திமிங்கிலம் வரவழைக்கலாம்.
யாரும் பில் கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் முதல் கட்டம் வரவில்லை.
எட்டு நாள்.
சாலை வந்துவிட்டது,
பஸ்ஸும் கரும்புச்சாறு வண்டியும்
அண்ணாந்த தலைகளும் வந்துவிட்டன.
அவன் மட்டும் வரவில்லை.
இரண்டு காலில் நிறுத்தினால் கொலுப்பொம்மை,
ஒரு கை ஊன்றவைத்தால்
வேறெந்த ஊர்க்காரனோ.

பழைய பாகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
முகமூடிக்குக் கீழே தாடை மட்டும் தெரியும்.
பேசும்போது வழவழப்பாய் ஒரு தாடை.
குதிக்கும்போது
தழும்போடு இன்னொன்று.

பெயர்ப் பட்டியல் ரயில்போல் ஓடுகிற இடத்தில்
பதினோராவது முயற்சியில் பிடித்தேன்:
சண்டை உதவி, வ. தீர்த்தகிரி.

திருமங்கலம் மெட்ரோவில்
பை சோதிக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்
நீலச் சட்டையில் இருந்தார்.
தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
பையை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுப்
பக்கத்தை இந்தப் பக்கம் நீட்டினேன்.

“குதிச்சாச்சு, சரி. கீழ என்னா போட்டுருக்க?”
“ரோடு.”
“ரோடா! அட்டைப்பெட்டிம்மா.
காலி அட்டைப்பெட்டி, மேல ரெண்டு மெத்தை.
பதினாலு மாடியும் கெடையாது, ரெண்டரை.
வலது முட்டி எனக்கு அப்பவே காலி,
அதனால எடப்பக்கமாத்தான் வுழுவேன்.
முதுகு மொதல்ல.
சத்தம் அப்பறம்.”

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
என் பை மறுமுனையில் தனியாகக் கிடந்தது.
அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்,
மறுபடி வாங்கினார்.
“வசனம் இருக்கா?”
“செம்பொறியானுக்கு இருக்கு.”
“அது அவரு பேசுறது.
நான் கேட்டது எனக்கு.”

இரவு ஒன்றரைக்கு விழுந்தான்.
இடப்பக்கமாக, முதுகு முதலில்.
தார் பிளந்தது,
கரும்புச்சாறு தெறித்தது,
பக்கத்தின் ஓரம்வரை புழுதி.
அடுத்த கட்டத்தில் மெல்ல எழுகிறான்
வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு.

ஞானதீபன் எழுதித் தந்த வரி
‘அநீதியே, வந்துவிட்டேன்!’
அதை அழிரப்பரால் துடைத்தாகிவிட்டது.
பலூன் காலியாக இருக்கிறது.
ஆறு சொல்லுக்கு மேல் கொள்ளாது என்று
அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
காலை ஷிப்டா, மாலை ஷிப்டா,
கேட்க மறந்துவிட்டேன்.